சங்கம் சிவப்பு, ஓட்டு வேறு
பொருநைக் கரை அரசியல் – 17

1956 நவம்பர் 1-ஆம் தேதி காலையில் செங்கோட்டைக்காரர்கள் கண் விழித்தபோது ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது, ராஜ்யம் மாறியிருந்தது. முந்தின நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சி. அன்று முதல் சென்னை ராஜ்யம், திருநெல்வேலி ஜில்லா. ஐந்து மாதம் கழித்து, 1957 ஏப்ரல் 5 அன்று, ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சராகப் பதவியேற்றார். 126 இடங்கள் கொண்ட கேரளச் சட்டமன்றத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60; மீதிக்குச் சுயேச்சைகள் கைகொடுத்தார்கள். பெயரிலேயே சிவப்பை வைத்திருந்த ஊர், சிவப்பு ஆட்சியை ஐந்து மாத இடைவெளியில் தவறவிட்டது.

ஒரே மலையின் இரண்டு சரிவுகளில் அரசியல் இரண்டு விதமாக ஓடத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். மேற்குச் சரிவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். விமோசன சமரம் என்ற பெரும் கிளர்ச்சி எழுந்தது. 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. அதற்குப் பிறகு அங்கே உருவான கட்சிகள் பலவும் சிவப்பைச் சேர்த்துக்கொள்வதா, எதிர்ப்பதா என்ற கேள்வியை வைத்தே இடம் பிடித்தன. 1964-இல் கோட்டயத்தில் பிறந்த கேரள காங்கிரஸ் அதற்கு நல்ல உதாரணம். கிழக்குச் சரிவில், பொருநை என்கிற தாமிரபரணி ஓடும் பக்கத்தில், கம்யூனிஸ்டுகள் ஒருநாளும் ஆட்சிக்கு வரவில்லை. ஆனால் சில இடங்களில் அவர்கள் சொல்தான் செல்லும் என்ற காலம் ஒன்று இருந்தது. ஆலை வாசல், நெசவுத் தெரு, குத்தகை வயல், தேயிலை மலை. அந்த நான்கு இடங்களிலும் பின்னால் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

சென்ற வாரம் நெல்லைச் சதி வழக்கில் நிறுத்தியிருந்தோம். கம்யூனிஸ்ட் கட்சி தலைமறைவாக இருந்த நாட்களில் பிடிபட்ட ஸ்ரீவைகுண்டத்து இளைஞர் ஆர். நல்லகண்ணுவின் மீசையைப் போலீசார் சிகரெட் நெருப்பால் பொசுக்கினார்கள். கே. பாலதண்டாயுதம் போன்றவர்களும் அதே வழக்கில் சிக்கினார்கள். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர், அவர் பெயரும் அதில் சேர்க்கப்பட்டது. நல்லகண்ணு ஏழு ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தபோது, உள்ளே போனபோது இருந்த அரசியல் வெளியே இல்லை. 1952 தேர்தலில் பழைய சென்னை மாகாணம் முழுவதும் சேர்த்து 62 இடங்கள் பிடித்து எதிர்வரிசையில் முதலில் நின்றது கம்யூனிஸ்ட் கட்சி. ஆந்திரம் 1953-இல் பிரிந்தது. மலபார் 1956-இல் கேரளத்தோடு போனது. கட்சியின் பலமான மாவட்டங்களில் பெரும்பகுதி அவற்றோடு சேர்ந்து போய்விட்டது. மிஞ்சிய தமிழ்நாட்டில் 1949-இல் பிறந்த தி.மு.க. என்ற புதுக் கட்சி, 1957-இல் முதல்முறையாகத் தேர்தலில் நின்று 15 இடங்களோடு சட்டமன்றத்துக்குள் நுழைந்தது.

எதிர்க்கட்சி நாற்காலி கைமாறத் தொடங்கியது அங்கேதான்.

முதலில் ஆலை வாசல். வி.கே. புரத்துக்குப் போவோம். விக்கிரமசிங்கபுரம் என்று முழுசாகச் சொல்பவர்கள் வெளியூர்க்காரர்கள். பாபநாசம் அருவியின் நீர்வேகத்தை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880-களில் இங்கே பஞ்சாலை வைத்தார்கள். தூத்துக்குடியில் வ.உ.சி. 1908-இல் வேலைநிறுத்தம் நடத்திய கோரல் மில்லும் இதே ஹார்விக் குடும்பத்துப் பிள்ளைதான். மில் சங்கு ஊதினால் ஊர் எழுந்திருக்கும். சங்கு ஊதினால் ஊர் சாப்பிடும். ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நின்று பேசுகிறவனுக்கு, கேட்கிற கூட்டத்தைத் தேடிப் போகிற வேலை இல்லை. அதுவே வந்து சேரும். தொழிற்சங்கக்காரர்கள் கண்டுபிடித்த மேடை அது. பஞ்சப்படி, போனஸ், லே-ஆப் என்ற சொற்கள் பொருநைக் கரையில் வீட்டுச் சொற்களானது அந்த வாசலில் நின்றுதான்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் கதை நெல்லோடு போகிறது. கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் என்று வரிசையாகப் பிரியும் வாய்க்கால்களின் கீழே காரும் பிசானமும் விளையும் நஞ்சை. அதில் கணிசமான பகுதி மடங்களுக்கும் கோயில்களுக்கும் சொந்தம். உழுகிறவன் குத்தகைக்காரன், நடுகிறவள் கூலிக்காரி. விவசாயிகள் சங்கம் கேட்டது வாரத்தில் நியாயமும் வயலிலிருந்து வெளியேற்றாமல் இருக்க ஒரு சட்டமும். 1955-இல் காங்கிரஸ் அரசே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. 1961-இல் நில உச்சவரம்பு 30 தரப்படுத்திய ஏக்கர் என்றானது, 1970-இல் தி.மு.க. அரசு அதை 15 ஆக இறக்கியது. சட்டங்களில் ஓட்டைகள் இருந்தன, அது வேறு கதை. ஆனால் சிவப்புக்கொடி பிடித்தவர்கள் கேட்டதை மூவர்ணக் கொடிக்காரர்களும் கருப்பு-சிவப்புக்காரர்களும் ஆளுக்கொரு பங்காக எடுத்து அரசாணையாக்கினார்கள். கோஷம் போட்டவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். ஓட்டு இயல்பாகவே கையெழுத்துக்குப் போனது.

அதற்குள் கட்சி வீடும் இரண்டாகியிருந்தது. 1964-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்து மார்க்சிஸ்ட் கட்சி பிறந்தது. 1967-இல் தி.மு.க. 137 இடங்களோடு கோட்டையைப் பிடித்தபோது அதன் கூட்டணியில் இருந்த மார்க்சிஸ்டுகளுக்கு 11. தனித்துப் போன இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 2. பொருநைக் கரையில் அன்று முதல் கம்யூனிஸ்ட் வெற்றி என்பது கூட்டணிக் கணக்கின் ஒரு வரியானது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1971-இல் திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ்.ஏ. முருகானந்தம் வென்றார், பின்னால் இந்திரா காங்கிரசும் தி.மு.க.வும் இருந்தன. 1977-இல் எம்.ஜி.ஆருடன் சேர்ந்த மார்க்சிஸ்ட் கட்சிக்கு அம்பாசமுத்திரமும் வாசுதேவநல்லூரும் கிடைத்தன. அம்பாசமுத்திரத்தில் சொர்ணம் என்கிற ஈஸ்வரமூர்த்தி, வாசுதேவநல்லூரில் ஆர். கிருஷ்ணன், 1980-லும் இருவரும் வென்றார்கள். அம்பாசமுத்திரம் என்றால் வி.கே. புரம் மில்லும் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர்த் தறிகளும் மாஞ்சோலை மலையும் சேர்ந்த தொகுதி. கம்யூனிஸ்ட் கட்சிக்காக வரைந்து வைத்த மாதிரி ஒரு வரைபடம். ஆனால் 1984-இல் கூட்டணி மாறியது. அ.தி.மு.க. தானே நின்று தொகுதியை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க. என்று எல்லாரும் அங்கே வென்றிருக்கிறார்கள். மார்க்சிஸ்ட் கட்சி திரும்ப வரவேயில்லை.

தென்காசி இன்னும் வேடிக்கை. 2004-இல் தி.மு.க. அணியில் நின்று இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம். அப்பாத்துரை எம்.பி. ஆனார். 2009-இல் அதே கட்சி அ.தி.மு.க. அணிக்குப் போய் அதே தொகுதியில் பி. லிங்கத்தை நிறுத்தியது, அவரும் எம்.பி. ஆனார். சுவரில் அரிவாளும் கதிரும் மாறவில்லை, பக்கத்தில் வரைந்த சின்னம் மட்டும் உதயசூரியனிலிருந்து இரட்டை இலையானது.

கட்சி இப்படித் தொகுதிக்குத் தொகுதி விருந்தாளியாகப் போய்க்கொண்டிருந்தாலும் சங்கம் சொந்த வீட்டிலேயே இருந்தது. முக்கூடல், கடையம், பொட்டல்புதூர், மேலப்பாளையம் பக்கம் பகல் இரண்டு மணிக்கு ஒரு தெருவில் நுழைந்தால் தெரியும். திண்ணையிலும் வாசற்படியிலும் பீடி சுற்றும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் சுளகு, அதில் ஒருபக்கம் நனைத்து வெட்டிய இலை, ஒருபக்கம் புகையிலைத் தூள். கத்தரிக்கோல் இலையை அச்சு வைத்து நறுக்கும். விரல் தூளை அள்ளி இலையில் பரப்பும். சுருட்டி, முனை மடக்கி, நூல் சுற்றி அறுப்பதற்குள் வாய் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பேசி முடித்திருக்கும். கணக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பது. கம்பெனி கொடுக்கும் இலை மட்டமாக இருந்தால் ஆயிரம் தேறாது. தேறாததைக் கைக்காசு போட்டு வாங்கிச் சுற்ற வேண்டும். எடுத்துப் போனால் கடைக்காரர் 'கழிவு' என்று கொஞ்சம் ஒதுக்கிப் போடுவார். இந்தக் கழிவுக்கும் மட்ட இலைக்கும் எதிராகச் சண்டை போடுவதும், பி.எப். புத்தகத்தைத் தேடி எடுத்து ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுப்பதும் பெரும்பாலும் சிவப்புக் கொடிச் சங்கங்கள்தான். 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அவர்கள் கையில் ஒரு பிடி.

அந்தத் திண்ணைகளில் சந்தாச் சீட்டும் வாக்காளர் அட்டையும் ஒரே டப்பாவில்தான் இருக்கும். ஆனால் இரண்டும் போகும் வழி வேறு. சங்கத்துக்குச் சந்தா, இலைக்கோ சூரியனுக்கோ ஓட்டு. இதில் முரண் இருப்பதாகச் சுற்றுகிறவர்கள் நினைப்பதில்லை. சண்டைக்கு ஒருவர், சலுகைக்கு ஒருவர்.

1990-களில் மூன்றாவதாக ஒருவர் வந்தார்.

1995 ஜூலையில் வீரசிகாமணி அருகே ஒரு பேருந்தில் தொடங்கிய தகராறு தென்மாவட்டம் முழுவதும் சாதிக் கலவரமாகப் படர்ந்தது. ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியன்குளத்தில் போலீஸ் படை புகுந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்த காசில் வீடு கட்டி நிமிர்ந்திருந்த தேவேந்திரர் ஊர் அது. வீடுகள் நொறுக்கப்பட்டன, குடிக்கும் கிணறு பாழாக்கப்பட்டது. கோயம்புத்தூரில் மருத்துவராக இருந்த டாக்டர் க. கிருஷ்ணசாமியின் பெயர் தென்மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு பரவியது இந்தக் காலத்தில்தான். 1996 தேர்தலில் இரண்டு கழகங்களின் கூட்டணியும் இல்லாமல் ஓட்டப்பிடாரத்தில் நின்று வென்றார். பிறகு அவர் தொடங்கிய கட்சி 'புதிய தமிழகம்'.

அந்த நாட்களில் ஒரு பேருந்தின் பெயர்ப்பலகை கூட எவ்வளவு எரியும் என்பதற்கு 1997 சாட்சி. விருதுநகரில் அமைந்த புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அவர் கட்டபொம்மன் படையில் இருந்த தேவேந்திர வீரர். எதிர்ப்பு கலவரமாக வெடித்தது. கடைசியில் அந்த ஆண்டு ஜூலையில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மறுபடி வெறும் திருநெல்வேலி மாவட்டமானது.

இந்தப் புது அலை மாஞ்சோலை மேல் ஏறியபோதுதான் பழைய சிவப்பு நிலத்தில் புதுக் கொடி ஊன்றப்பட்டது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா டிரேடிங் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலை அது, எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர். ஜமீன் ஒழிந்த பிறகும் குத்தகை ஒழியவில்லை. லைன் வீடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். தோட்டத்தில் ஏற்கெனவே சங்கங்கள் இருந்தன. அவற்றின் பேச்சுவார்த்தைகளில் நம்பிக்கை விட்டுப்போன தொழிலாளர்கள் 1998-இல் புதிய தமிழகத்தின் பக்கம் திரும்பினார்கள். கேட்டது என்னவோ பழைய சங்கம் கேட்ட அதே பட்டியல்தான்: கூலி உயர்வு, வேலை நேரம், நிறுத்தப்பட்டவர்களுக்கு மறுபடி வேலை. கேட்கிற குரலில்தான் மாற்றம். 'தொழிலாளி' என்று தொடங்கிய வாக்கியம் இப்போது சாதியின் பெயரில் தொடங்கியது. போராட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் கைதாகிச் சிறையில் இருந்தார்கள்.

1999 ஜூலை 23. கூலிக்காகவும் கைதானவர்கள் விடுதலைக்காகவும் கலெக்டரிடம் மனுக் கொடுக்க ஊர்வலம் புறப்பட்டது. புதிய தமிழகமும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசும் அதில் முன்னின்றன. நாடாளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதமே இருந்தது. இரண்டு கழகங்களையும் விட்டுத் தனி அணி கட்ட மூப்பனார் முயன்றுகொண்டிருந்த நேரம். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுலோசன முதலியார் 1843-இல் சொந்தக் காசில் கட்டிக் கொடுத்த பாலத்தின் பக்கம், சாலைக்கு ஒரு புறம் கட்டடங்கள், மறுபுறம் இறங்கினால் ஆறு. கூட்டம் அங்கே தடுக்கப்பட்டது. வாக்குவாதம், கல், தடியடி. ஓட இடமில்லாமல் ஜனம் ஆற்றுப் பக்கம் இறங்கியது. தண்ணீரில் இறங்கியவர்கள் மேலும் தடி விழுந்தது. பதினேழு பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. ஆர்.ஆர். சீனிவாசன் அதை ஆவணப்படமாக்கினார். பின்னாளில் மாரி செல்வராஜ் தன் முதல் கதைத் தொகுப்புக்கு 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று பெயர் வைத்தார்.

அந்தப் படுகொலை நடந்தபோது ஆட்சியில் இருந்தது தி.மு.க. இரண்டு வருடத்துக்குள், 2001 சட்டமன்றத் தேர்தலில், புதிய தமிழகம் அதே தி.மு.க. அணியில் நின்றது. ஓரிடமும் கிடைக்கவில்லை. 2011-இல் அ.தி.மு.க. அணி, ஓட்டப்பிடாரம் திரும்பக் கிடைத்தது. 2016-இல் மறுபடி தி.மு.க.; 493 ஓட்டில் கைவிட்டுப் போனது. 2019-லும் 2024-லும் மறுபடி அ.தி.மு.க. தென்காசி நாடாளுமன்றத் தொகுதியில் கிருஷ்ணசாமி பலமுறை நின்றும் ஒருமுறை கூட வெல்லவில்லை. கம்யூனிஸ்ட் கட்சிகள் நாற்பது வருடத்தில் நடந்த பாதையை அவர்கள் இடத்தைப் பிடித்த கட்சி பாதிக் காலத்தில் நடந்து முடித்தது.

இது நெல்லைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. திருநெல்வேலி எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' நாவல், கைத்தறி நெசவாளர் பாட்டைச் சொல்வது, செக் மொழிக்குப் போய் அங்கே ஆயிரக்கணக்கில் விற்றது. அதைப் படித்த தேசத்தில் 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில், பிராகா எங்களை மறந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பிய மொராவியப் பிராந்தியக் கட்சி ஒன்று செக் சட்டமன்றத்தில் 22 இடம் பிடித்தது. 1996-இல் அந்தக் கட்சிக்கு ஓரிடமும் இல்லை. மேற்கு வங்கத்தில் 34 ஆண்டு ஆண்ட இடதுசாரிகள் 2011-இல் தோற்றார்கள். 2021 சட்டமன்றத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலியும் கிடைக்கவில்லை. கேரளத்தில் மட்டும் கட்சி தோற்றுத் தோற்று எழுந்தது. கூட்டணிக்குத் தலைமை தாங்குகிற இடத்தை அங்கே அது யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பொருநைக் கரையில் அந்த இடம் 1957-லேயே கைமாறத் தொடங்கிவிட்டது.

2021-இல் இன்னும் இரண்டு காட்சிகள். மார்ச் மாதம் நாடாளுமன்றம் ஏழு சாதிப் பெயர்களைச் சேர்த்து 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயர் தந்தது. ஏப்ரல் தேர்தலில் திருநெல்வேலித் தொகுதியில் பா.ஜ.க.வின் நயினார் நாகேந்திரன் வென்றார். அதே தொகுதியில் முன்பு அ.தி.மு.க.வில் ஜெயித்து அமைச்சராக இருந்தவர்தான் அவர். மூன்றாண்டு கழித்துத் தென்காசியில் கிருஷ்ணசாமி அ.தி.மு.க. அணியிலும், தமிழக மக்கள் முன்னேற்றக் கழகத்தின் ஜான் பாண்டியன் தாமரைச் சின்னத்திலும் எதிரெதிரே நின்றார்கள். ஒரே சமூகத்தின் இரண்டு தலைவர்கள். வென்றது தி.மு.க.வின் ராணி ஸ்ரீகுமார்.

பழைய சிவப்புக்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நல்லகண்ணு 2010-இல் மதுரைக்குப் போய் உயர்நீதிமன்றக் கிளையில் தாமிரபரணி மணலுக்காக வழக்காடினார். அந்த டிசம்பரில் ஆற்றில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வந்தது. ஒரு தொகுதியையும் தராத தீர்ப்பு அது. ஆனால் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாபநாசம் வரை எந்தக் கட்சிக்காரரும் அதைத் தன் மேடையில் சொல்லிக்கொள்வார்.

2024 ஜூனில் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கம்பெனி நீட்டிய விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குத்தகை முடிய இன்னும் நான்கு வருடம் இருந்தது. அதே ஜூனில் பாளையங்கோட்டையில் மார்க்சிஸ்ட் கட்சியின் மாவட்ட அலுவலகத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து கண்ணாடிக் கதவுகளை நொறுக்கியது. முந்தின நாட்களில் அங்கே ஒரு சாதி மறுப்புத் திருமணம் நடந்திருந்தது, மணமகன் தலித். தேர்தலில் யாரும் பயப்படாத ஒரு கட்சியின் அலுவலகத்தைத் தேடி வந்து உடைத்தார்கள். கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளிவிட்டு, வேறு ஜோடிகள் வந்தாலும் திருமணம் நடக்கும் என்று கட்சிக்காரர்கள் அறிவித்தார்கள்.

அடுத்த மாதம் ஜூலை 23 வந்தது. வழக்கம்போலக் கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் போலீஸ் காவல், மாலைகள், ஒவ்வொரு கட்சியாக இறங்கி மலர் தூவிவிட்டு ஏறும் வரிசை. புதிய தமிழகத்தின் கொடி, விடுதலைச் சிறுத்தைகளின் கொடி, அரிவாள் சுத்தியல், இன்னும் நாலைந்து. ஒருவர் ஏறிய பிறகு அடுத்தவர் இறங்கினார்கள்.

(அடுத்த வாரம்: பேருந்துப் பலகையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கைக்கயிறு வரை)